சோடி சோடியாகக் குரோட்டன்

செப்டெம்பர் 11, புதன்

சுற்றாடல் கழகம் என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்த துஷாந்தினி டீச்சருக்கு மொனராகலைக்கு மாற்றம். அதிபர் காரணம் சொன்னார்: "நீங்க சயன்ஸ் தானே ஜெயந்தினி மிஸ்." சயன்ஸ் படித்தது என் குற்றம்.

ஒக்டோபரில் இருபத்தைந்து பிள்ளைகளை ஸ்பிரிங்வெளிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சிறுவனக் காப்பகத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். சும்மா பார்க்க அல்ல. வெளிநாட்டுச் செடிகளைப் பிடுங்கும் சிரமதானம். படம் எடுத்து அனுப்பினால் பாடசாலைக்குச் சான்றிதழ் வரும். அதிபருக்குச் சான்றிதழ் என்றால் உயிர்.

அந்தக் காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முன்பு அது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். நான் பிறந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, அங்கேதான் இருந்தது. மீரியபெத்த மலை சரிந்து அத்தனை பேரை மூடிய பிறகு இங்கேயும் வந்து அளந்தார்கள். மண் நிற்காது என்று சொல்லி எல்லோரையும் கீழே இறக்கினார்கள். தேயிலையைக் காடு மூடியது. இப்போது அதற்குக் கேட், பலகை, டிக்கட். நாங்கள் இறங்கியது அதற்கும் வெகுகாலம் முன்பு. அப்பா இறந்தபோது எனக்கு நாலு வயது. அடுத்த வருடமே அம்மா பதுளையில் கன்னியர் மடத்துக் குசினிக்குச் சமையல் வேலைக்கு வந்துவிட்டாள்.

செப்டெம்பர் 14, சனி

அம்மா காலையிலேயே ஆரம்பித்தாள். "இந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு நான் மேல போகணும்."

நவம்பர் இரண்டு. அப்பாவின் குழிக்கு. முழங்கால் பிடித்துக்கொண்டதிலிருந்து நாலு வருடமாகப் போகவில்லை. அதற்கு முன்பெல்லாம் பெரியாயி அக்காவோடு வருடம் தவறாமல் போவாள். பெரியாயி அக்கா இந்து. அவருடைய கணவரும் அங்கேதான். மேல் டிவிசனில் சாமி வேறென்றாலும் புதைப்பது ஒரே இடத்தில். போன வருடம் பெரியாயி அக்காவும் போய்விட்டார்.

டொக்டர் மேடு ஏறக்கூடாது என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அடுத்த வருசம் இந்தக் காலு ஏறவே ஏறாது. அதனாலதான் இந்த வருசம்." இதற்கு எந்த டொக்டர் பதில் சொல்வார்?

"சரி, எந்த எடம்?"

"பீலிக்கு மேல."

"பீலின்னா? தண்ணி எடுக்கிற பீலி அந்த மலை முழுக்க இருந்திருக்கும்."

"போனா காட்டுறேன். சொன்னா ஒனக்கு வெளங்காது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டேன். நான் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. நவம்பரில் எப்போதும் எனக்குத் திருத்தத் தாள் இருக்கும். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 26, வியாழன்

அனுமதிக் கடிதம் மூன்று பிரதி. பெற்றோர் கையெழுத்து இருபத்தைந்து. அதில் நாலு பிள்ளைகள் அம்மாவின் கையெழுத்தைத் தாங்களே போட்டிருக்கிறார்கள். நாலும் ஒரே கையெழுத்து.

காப்பகத்துப் பொறுப்பாளருக்கு போன் எடுத்தேன். பெயர் ஹஸீப். பதுளை டவுன் ஆள், இரண்டு வருடமாக அங்கே. "டீச்சர், சப்பாத்து கட்டாயம். அட்டை கடிக்காம காலுக்கு சவர்க்காரம் பூசிட்டு வாங்க. பொலித்தீன் உள்ளுக்கு ஏலாது. பிஸ்கட் பக்கட்டும் ஏலாது." பிஸ்கட் இல்லாமல் இருபத்தைந்து பிள்ளைகளை இவர் ஒருநாள் வைத்துப் பார்க்கட்டும்.

நவம்பர் இரண்டாம் திகதி திறந்திருக்குமா என்றும் கேட்டேன். "மழை இல்லாட்டி திறப்போம் டீச்சர்." பதுளையில், நவம்பரில், மழை இல்லாவிட்டால். நல்ல மனிதர்.

ஒக்டோபர் 5, சனி

கால் இரண்டிலும் பதினொரு இடத்தில் அட்டை கடி. எண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்டில் ஒரு பலகை. சிங்களத்தில் சரியாக எழுதியிருக்கிறது. தமிழில், "இங்கு செடிகளைப் பறிக்கவும்." 'வேண்டாம்' என்ற சொல்லைப் பெயின்டர் மறந்துவிட்டார். ஹஸீப்பிடம் காட்டினேன். "எழுதிப் போட்டிருக்கேன் டீச்சர், மாத்துவாங்க," என்றார். எப்போது எழுதிப் போட்டார்? போன வருடம்.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேயிலை வெட்டிக் கவ்வாத்துப் பண்ண ஆளில்லாமல் மரமாக வளர்ந்து, அதற்கு மேல் கொடி ஏறி, குளிர்ச்சியாக, எங்கேயோ தண்ணீர்ச் சத்தத்தோடு. பாதையை ரோட்டுப் பக்கமிருந்து புதிதாக வெட்டியிருக்கிறார்கள். பழைய லயத்துப் பாதை மறுபக்கமாம். நாங்கள் ஏறியது எந்தத் திசை, நான் பிறந்த லயம் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. ஒரு பையன் அட்டையைப் பார்த்து மயங்கி விழுந்தான்.

பாதையில் ஆறாவது தரிப்பிடத்தில்தான் வேலை. ஒரு சின்னச் சமதரை. அது முழுக்கக் குரோட்டன் பற்றைகள், ஆள் இடுப்புக்கு. சிவப்பு, மஞ்சள், கறுப்பும் பச்சையும் கலந்தது என்று விதவிதமாக. இந்நாட்டுச் செடி அல்ல, எடுக்க வேண்டும் என்றார் ஹஸீப். பிடுங்கினால் போதுமா? போதாதாம். ஒவ்வொரு செடிக்கும் பதிவு. இலக்கம், இலை, உயரம், பக்கத்து மரத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி, குறிப்பு. "இதெல்லாம் யாரு வாசிக்கப்போறாங்க?" என்று கேட்டேன். "ஒழுங்குன்னு ஒன்னு இரிக்கு தானே டீச்சர்," என்றார். பிள்ளைகளிடம் கொடுத்தால் தாள் சேறாகிவிடும் என்று நானே குந்தி எழுதினேன். மூன்று மணித்தியாலம்.

தரம் ஒன்பது நிஷாலினி கேட்டாள். "மிஸ், ரெண்டு ரெண்டா நட்டிருக்காங்களே, ஏன்?" உண்மைதான். ஒரே மாதிரி இலை, ஐந்தாறு அடி தள்ளிச் சோடி சோடியாக. இது துரை பங்களாத் தோட்டமாக இருந்திருக்கும், வெள்ளைக்காரத் துரைசாணிகளுக்கு இப்படி வரிசையாக நடுவதில் விருப்பம் என்று விளக்கினேன்.

"பங்களான்னா ஒரு கல்லாச்சும் இருக்கணுமே மிஸ்."

"மண்ணுக்குள்ள போயிருக்கும்," என்றேன்.

மொத்தம் நாற்பத்தொரு செடி. ஏழுக்குச் சோடி இல்லை. குறிப்பு என்ற கட்டத்தில் ஏதாவது எழுதாவிட்டால் ஹஸீப் விடமாட்டார். ஆகவே ஏழுக்கும் "சோடி இல்லை" என்று போட்டேன். பதினாலாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டேன். பதினாலு அழகான செடி. மஞ்சள் இலையில் சிவப்புப் புள்ளி, நுனி முறுக்கியிருக்கும். ஒரு கிளையை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பலகையில் பறிக்கவும் என்றுதானே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பழைய பெயின்ட் டின்னில் மண் போட்டு ஊன்றி, வாசலில் வைத்தேன். அம்மா அதற்குள் தூங்கிவிட்டாள்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காலைப் பூசைக்குப் புறப்பட்டு வெளியே வந்த அம்மா டின்னுக்கு முன்னால் நின்றுவிட்டாள். நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது எங்க உள்ளது?"

"காப்பகத்தில. ஒடிச்சுக்கிட்டு வந்தேன்."

"அங்க எங்க?"

ஒரு சமதரை, முழுக்கக் குரோட்டன் என்றேன். அம்மா இலையைப் பிடித்து நுனியைத் திருப்பிப் பார்த்தாள். "அங்க குரோட்டன் இருக்கிறது ஒரே எடத்திலதான், புள்ள. இது ஒங்கப்பா தலைமாட்டில நான் வச்சது."

கல் வைக்க யாருக்கும் வசதியில்லை. மரச் சிலுவை மூன்று மழைக்கு உளுத்துவிடும். அதனால் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று நடுவார்களாம். குடும்பத்துக்குக் குடும்பம் வேறு இலை. "எலையப் பாத்தா ஆளத் தெரியும்." இந்த இலை டிவிசனில் வேறு யாரிடமும் இல்லை. அம்மா துரை பங்களாவிலிருந்து களவாக ஒடித்தது. கங்காணி கண்டிருந்தால் வேலையே போயிருக்குமாம்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டீங்களா?"

"நாப்பத்தொன்னு."

"இந்த எலையில?"

"மூணு."

"மூணுமா," என்று படியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இரண்டு என்றால் மூன்றாவது எப்படி வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இன்றைக்கு அம்மா பூசைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. நான் என்ன படிச்சேன், என்ன படிப்பிக்கிறேன்? குரோட்டன் காட்டில தானா மொளைக்காது, யாராவது நட்டாத்தான் உண்டுன்னு எனக்குத் தெரியாதா? நிஷாலினிக்குத் தோணினது எனக்குத் தோணலியே. சோடியா செடியப் பார்த்ததும் எனக்குத் துரைசாணிதான் ஞாபகம் வந்தா. அந்த மலையில பொறந்தவ நான்.

ஒக்டோபர் 7, திங்கள்

தரம் ஒன்பதுக்கு இன்று தாவர இனப்பெருக்கம். தண்டு வெட்டி நடுவதற்கு உதாரணமாகத் தயாரித்த குறிப்பில் குரோட்டன் என்று எழுதி வைத்திருந்தேன். செவ்வரத்தை என்று மாற்றிக்கொண்டேன்.

ஒக்டோபர் 9, புதன்

ஹஸீப்புக்கு போன் எடுத்துக் கத்தினேன். இரண்டு வருஷமா அங்க இருக்கீங்களே, அது குழிங்கன்னு தெரியாதா? "யா அல்லாஹ்," என்றார் அவர். "எனக்கு யாரும் சொல்லல்ல டீச்சர். வரைபடத்தில மையவாடி, மயானம்னு ஒன்னுமே இல்ல. இருந்திருந்தா நான் கைய வைப்பேனா?"

வைத்திருக்க மாட்டார். கத்தியது அநியாயம்தான். ஆனால் யாரிடமாவது கத்த வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 12, சனி

தனியாகப் போனேன். ஒரு வார மழையில் குழிகள் மூடி, அதன்மேல் புல் எட்டிப் பார்க்கிறது. பிடுங்கிய செடிகளைக் கேட்டுக்கு வெளியே குவித்து எரித்துவிட்டார்கள். சமதரையில் நின்று இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று நடந்தேன். யார் மேல் நடக்கிறேனோ என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கீழே இறங்கிப் பார்த்தால் பாசி பிடித்த ஒரு பீலி. பீலிக்கு மேல.

அம்மாவைக் கூட்டிவந்து எந்த இடத்தைக் காட்டுவது?

திரும்பி வந்தபோது ஹஸீப் அலுவலகத்தில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். என் பதிவு. நாற்பத்தொரு வரி, என் கையெழுத்து. இலை என்ன நிறம், எந்த மரத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி, எல்லாம். "மரமெல்லாம் அப்படியே இரிக்கு டீச்சர். அடி அளந்தா ஒவ்வொருத்தரையும் கண்டுபிடிக்கலாம்."

யார் வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்ட தாள். இருவரும் நாடா பிடித்து அளந்து, நாற்பத்தொரு இடத்திலும் இலக்கம் எழுதிய குச்சி நட்டோம். பதினாலுக்குப் பக்கத்தில் நான் போட்ட சிரிக்கும் முகத்தை அவர் பார்த்தார். பதினைந்தாம் வரியை வாசித்தார்.

ஒக்டோபர் 16, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. அதிபர் காலைக் கூட்டத்தில் வாசித்தார்: "நாற்பத்தொரு வெளிநாட்டுச் செடிகளை அகற்றி வனத்தைப் பாதுகாத்தமைக்காக." பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னை முன்னால் வரச் சொன்னார். போனேன். சட்டம் போட்டு வாசலில் மாட்டுவாராம். தினமும் அதற்குக் கீழேதான் நான் வரவுப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

திருநாளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நிபந்தனைகளோடு. மெழுகுதிரி கூடாது, காட்டுக்குள் திறந்த நெருப்பு தடை. மாலை கூடாது. குரோட்டனைத் திரும்ப நட வேண்டும் என்று ஹஸீப் மேலிடத்துக்கு எழுதினாராம். பதில் ஒரே வரி: வெளிநாட்டுச் செடிகளுக்கு அனுமதியில்லை, இந்நாட்டு மரக்கன்று வேண்டுமானால் தரப்படும்.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மரம் வச்சா அது வளந்து எல்லாத்துக்கும் மேல நிக்கும். எது தலை, எது காலுன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு, "அது வெளிநாட்டுச் செடியாமா?"

"அவங்க கணக்குப்படி அப்படித்தான்."

"முப்பத்தஞ்சு வருசமா அங்கதான நின்னுச்சு. நம்மளையும் அப்பிடித்தான் சொன்னாங்க," என்று அரிசியைத் தொடர்ந்து பொறுக்கினாள்.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடாத மழை. பக்கத்து வீட்டு நல்லம்மா அக்கா கொண்டுவந்த முறுக்குக்கூட நமுத்துப்போயிருந்தது. அம்மா மழையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி மழையைப் பார்க்கிறாள். மழையையும் நான்தான் பிடுங்கிப் போட்டேன் என்பதுபோல.

நவம்பர் 2, சனி

விடியற்காலையில் மழை நின்றது. எட்டு மணிக்கு ஹஸீப் போன் எடுத்தார். "திறந்திரிக்கு டீச்சர். உம்மாவக் கூட்டிட்டு வாங்க."

கேட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நூறு அடிக்கு ஒருமுறை கதிரையைப் போடுவார், அம்மா உட்காருவாள், எழும்புவாள், அவர் மறுபடி தலையில் வைப்பார். அரை மணிப் பாதை இரண்டு மணித்தியாலம். நடுவில் அம்மா, "பாதைய மாத்திப்புட்டீங்களே தம்பி, அந்தப் பக்கம்னா பத்து நிமிசம்," என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார், அவர்தான் மலையை வைத்ததுபோல.

சமதரைக்கு வந்ததும் அம்மாவுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு நேரே போனாள். பன்னிரண்டாம் குச்சியில் நின்றாள். "இது தலைமாடு." பதின்மூன்று. "இது காலு." என்னைக் கூப்பிட்டாள். "மத்தேயு, ஒங்க மக வந்திருக்கா," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். முப்பத்தி நாலு வருடம் கழித்து. நான் என்ன சொல்வது? மன்னிச்சுக்குங்க அப்பா என்றேன்.

ஹஸீப் பையிலிருந்து ஒரு லாந்தரை எடுத்தார். கண்ணாடிக்குள் மெழுகுதிரி. "கண்ணாடிக்குள்ள இருந்தா அது திறந்த நெருப்பில்ல டீச்சர். சட்டத்த வாசிச்சுட்டேன்." அவரே ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

அம்மா செபம் சொல்லி முடித்து, லாந்தரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நகர்ந்தாள். பதினாலு.

"அது வேற, அம்மா. அதுக்குச் சோடி இல்ல."

"சின்னப் புள்ளைக்கு ஒன்னுதான் வைப்பாங்க."

ஏழு என்று எனக்குள் ஓடியது. ஏழு பிள்ளைகள். பிறகுதான் இலை ஞாபகம் வந்தது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி. டிவிசனில் வேறு யாரிடமும் இல்லாத இலை.

"யாரும்மா?"

"ஒனக்குப் பொறகு ஒன்னு. பொம்பளப் புள்ள. மூணு நாளு இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்க சாமியார் வாறதுக்கு மொத போயிருச்சு, பேரு வைக்கல்ல." லாந்தரைக் கீழே வைத்தாள். "ஒங்கப்பாவப் பாக்கத்தான் வாறேன்னு எல்லாரும் நெனைச்சாங்க. நானும் அப்பிடியே விட்டுட்டேன்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ வருவேன்னு இருந்தேன். வந்தா காட்டலாம்னு."

நவம்பர் 3, ஞாயிறு

நவம்பரில் திருத்தத் தாள் எதுவும் இருந்ததில்லை. ஒரு வருடமும் இருந்ததில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

சான்றிதழைக் கழற்றச் சொல்லி அதிபரிடம் கேட்டேன். காரணமும் சொன்னேன். "அது வேற விசயம், இது வேற விசயம் மிஸ்," என்றார். இடைவேளையில் நானே ஸ்டூல் போட்டுக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். யாரும் தேடவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஹஸீப் பதிவைப் புதிதாகக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். அதே நாற்பத்தொரு வரி. கடைசியில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறார்: பெயர். இதை வைத்து, இது மையவாடி, வரைபடத்தில் சேர்க்க வேண்டும், குரோட்டனையும் விட வேண்டும் என்று மறுபடி எழுதிப் போடப்போகிறாராம். பலகையில் 'வேண்டாம்' சேர்க்கவே ஒரு வருடமாயிற்று, இன்னும் சேரவில்லை. இதற்கு எத்தனை வருடமோ. டின்னில் உள்ள கிளையில் இரண்டு புது இலை வந்திருக்கிறது. பதில் வரும்வரை அது வாசலில் நிற்கட்டும்.

பூசை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தோம். நான் இலையை வாசித்தேன், அம்மா ஆளைச் சொன்னாள். "கறுப்பும் பச்சையும், நீட்டு எலை." "கந்தப்பண்ணன். பெரியாயி வீட்டுக்காரர். நல்ல பாட்டுக்காரர், எழுதிக்க." பாட்டுக்காரர் என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். சிலரை அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்போது கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள், நான் அவசரப்படுத்தவில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று: மத்தேயு.

பதினாலு. என்னிடமிருந்த பழைய பிரதியில் அந்த வரியை எடுத்துப் பார்த்தேன். இலை மஞ்சள், சிவப்புப் புள்ளி. உயரம் மூன்றரை அடி. குறிப்பு, சோடி இல்லை. பக்கத்தில் சிரிக்கும் முகம். பேனையால் இரண்டையும் வெட்டினேன். புதிய தாளில் பெயர்க் கட்டத்தில் எழுதினேன்: ஜெயந்தினியின் தங்கை.

"என்னா எழுதின?" என்று அம்மா கேட்டாள்.

வாசித்துக் காட்டினேன்.

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டு, அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திருப்பித் தந்தாள்.

"சரி. அடுத்த எலைய வாசி."